முத்திரை இல்லாத சுவர்

பார்லி பிரிட்ஜ் டவுன்ஷிப், அமெரிக்காவில் நம்மவர்கள் நிறைந்த ஐசலினிலிருந்து கால் மணி நேர டிரைவ். அங்கே ஹைவே ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு கட்டடம் ஒரு காலத்தில் பாங்காக இருந்தது. பெட்டக அறைக்காக நட்டநடுவில் கான்கிரீட் சுவர் ஒன்றை எழுப்பியிருந்தார்கள். ஒரு முழம் கனம். உள்ளே இரண்டு வரிசைக் கம்பி. பாங்க் மூடியபோது மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவர்களால் அந்தச் சுவரை மட்டும் எடுக்க முடியவில்லை. பிறகு வந்த ஓனர் அதையே எல்லையாக வைத்துக் கட்டடத்தை இரண்டு கடைகளாகப் பிரித்தார். ஒரு பக்கத்தை என் நண்பர் நெய்னா முகம்மது லீஸுக்கு எடுத்தார். மறுபக்கத்தில் ஏற்கெனவே குடியிருந்தது டவுன்ஷிப்பின் தீத்தடுப்பு உறுதி வாரியம்.

எனக்கு அலுவலகங்கள் மீது விரோதம் கிடையாது. நானும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, மற்றவர்கள் அனுப்பும் மெயிலை வேறு மற்றவர்களுக்கு அனுப்பிச் சம்பளம் வாங்குகிறவன்தான். ஆனால் எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் கான்கிரீட் எரியுமா என்ற சந்தேகம் வந்ததில்லை. அந்த வகையில் நாங்கள் கொஞ்சம் பின்தங்கியவர்கள்.

நெய்னாவும் அவர் மனைவி ரசியா பேகமும் கீழக்கரைக்காரர்கள். இந்த வட்டாரத்தில் யார் வீட்டு நிக்காஹ், யார் பிள்ளை கிராஜுவேஷன் என்றாலும் ரசியா பேகத்தின் பிரியாணிதான். சாப்பிட்டவர்கள் எல்லாரும் கை கழுவிக்கொண்டே, ஏன் ஒரு கடை போடக்கூடாது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்கும் ஆசை வந்துவிட்டது. டேகேர் வேலையை விட்டார். கடைக்குத் தன் பெயரையே வைக்கவேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வாழ்க்கையில் அவர் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது என்று நெய்னா என்னிடம் சொன்னார். சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது.

கட்டட ஓனரும் ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த மார்ச் முடிவதற்குள் கடை திறக்க டவுன்ஷிப் சான்றிதழ் வாங்கவேண்டும். வாங்காவிட்டால் இடம் ஒரு பபிள் டீ கம்பெனிக்குப் போய்விடும். அவர்கள் மாதத்துக்கு ஒரு முறை வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நெய்னாவுக்குக் கவலை இல்லை. சமையல் அறைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர் இருக்கவேண்டும் என்பதுதான் விதி. பாங்க்காரர்கள் கட்டிக் கொடுத்துவிட்டே போயிருந்தார்கள். தவிர நெய்னாவின் தொழிலே பரிசோதனை. சம்பளப் பட்டியல் போடும் சாஃப்ட்வேரில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவர். ஒரு பொருள் நன்றாக இருந்தால் சோதனையில் தேறிவிடும் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

சுவரைப் பார்க்க வாரியத்திலிருந்து வந்தவர் சீனியர் எக்ஸாமினர் நஞ்சுண்டன். பொள்ளாச்சிக்காரர், கட்டடப் பொறியியலில் மேல்படிப்பு படித்தவர். பக்கத்துக் கதவிலிருந்து இந்தக் கதவுக்கு நடந்தே வந்திருக்கலாம். ஆனால் வாரிய விதிப்படி ஆய்வுக்குப் போகிறவர் ஆபீஸ் வண்டியில் போகவேண்டும். எனவே வண்டியில் ஏறி, பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார். தமிழ்க்காரர் என்று தெரிந்ததும் நெய்னாவுக்குப் பாதி சான்றிதழ் கைக்கு வந்தது போலிருந்தது.

நஞ்சுண்டன் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. நல்ல கட்டுமானத்தைப் பார்த்து மலர்கிற முகம்தான் அது, சந்தேகமில்லை.

"சுவத்துல ஒரு பக்கம் நெருப்பு வெச்சா மூணு கேள்விதாங்க பாய். கீழ விழுந்துச்சா? விரிசல் வழியா தீ அந்தப் பக்கம் போச்சா? அந்தப் பக்கம் தொட்டா சுடுதா? மூணுக்கும் இல்லைன்னா சுவரு பாஸ்."

"அப்ப இது பாஸாகுமா சார்?"

"இதா? நாலு மணி நேரம் எரிஞ்சாலும் அசையாதுங்க. கான்கிரீட் சூட்ட உள்ளயே விடாது. கம்பி எல்லாம் ஆழத்துல பத்திரமா இருக்கு."

நெய்னா பேனாவை நீட்டினார். நஞ்சுண்டன் பேனாவை வாங்காமல் சுவரின் மேலும் கீழும் எதையோ தேடினார். முத்திரை எங்கே என்று கேட்டார். தீத்தடுப்புச் சுவர் என்றால் அதில் ஒரு முத்திரையும் பதிவெண்ணும் அச்சிட்டிருக்கவேண்டுமாம். அறுபது வருடத்துக்கு முன்னால் சிமெண்டைக் கொட்டியவர்கள் அச்சடிக்க மறந்திருந்தார்கள்.

பின்கட்டில் ஸ்டோர் ரூமை மறைத்து ஓனர் நிறுத்தியிருந்த ஜிப்சம் அட்டைத் தடுப்பில் முத்திரை இருந்தது. நஞ்சுண்டன் அதை இரண்டு விரலால் தடவிப் பார்த்து அந்த இடத்திலேயே பாஸ் போட்டார். போன வாரம்தான் நெய்னாவின் மகள் ஆஃபீஃபா பெட்டி தூக்கும்போது முழங்கை பட்டு அந்தத் தடுப்பில் ஓட்டை விழுந்திருந்தது. அதை நெய்னா நேர்மையாகக் காட்டினார். ஓட்டை என்பது பராமரிப்புப் பிரிவின் கீழ் வரும், முத்திரைக்குச் சேதம் இல்லை என்று நஞ்சுண்டன் ஆறுதல் சொன்னார்.

"நீங்களே சொன்னீங்களே சார், நாலு மணி நேரம் அசையாதுன்னு."

"அத சொன்னது இன்ஜினியர் நஞ்சுண்டன், பாய். எக்ஸாமினர் நஞ்சுண்டனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. காலைல எட்டு மணிக்கு இன்ஜினியர வீட்டுலயே விட்டுட்டுத்தான் கெளம்புறேன். அவன ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தன்னா என் வேல போயிரும்."

முத்திரை இல்லாத சுவருக்கு ஒரு வழி உண்டு என்றும் அவரே சொன்னார். உலையில் வைத்து எரித்துக் காட்டவேண்டும். இந்தச் சுவர் கூரையைத் தாங்கிக்கொண்டிருப்பதால் உலைக்குப் போக அதற்கு வசதிப்படாது. இதே மாதிரி இன்னொரு சுவர் செய்து அதை எரிக்கலாம். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் நெய்னா உற்சாகமாகிவிட்டார். பரீட்சை என்றால் படித்துவிடலாம் என்கிற நல்ல மாணவரின் உற்சாகம்.

அப்படிப்பட்ட உலை டெக்ஸாஸில் டாலஸ் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்தது. பிளானோவில் இருக்கும் கிட்டுசாமி, நெய்னாவோடு கல்லூரியில் படித்தவர், அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நெய்னாவின் சுவரில் விரல் கனத்துக்குத் துளை போட்டு மாதிரி எடுத்து, என்ன ஜல்லி, என்ன கலவை என்று பார்த்து, அதே கனத்தில் இரட்டைப் பிறவியாக ஒரு சுவர் வார்த்தார்கள். கோடை முழுக்கக் காயவைத்தார்கள். ஈரத்தோடு எரித்தால் உள்ளே நீராவி பொங்கி மேல்தோல் தெறிக்குமாம். எரிக்கும் நாளன்று கிட்டுசாமி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியோடு டோல்வே பிடித்துப் போய்விட்டார். அங்கிருந்து வீடியோ கால்.

முதலில் நெருப்புப் பக்கம் சின்னச் சின்னச் சில்லுகள் படபடவென்று தெறித்தன. நெய்னா இங்கே சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுவர் நெருப்பு இருந்த பக்கமாக ஒரு நூல் வளைந்தது. அப்புறம் அப்படியே நின்றது. இரண்டு மணி நேரம் போயிற்று, மூன்று போயிற்று. பின்பக்கம் பஞ்சை வைத்துப் பார்த்தார்கள். பஞ்சு பஞ்சாகவே இருந்தது. நான்காவது மணி முடிந்ததும் உலையை அணைத்து, தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அதற்கும் மசியவில்லை. அதோடு சோதனையை முடித்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்து ஆட்களுக்கு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

"நெய்னா, செவுரு சும்மா நிக்குதுடா. பாத்துப் பாத்து எனக்குத்தான் பசிக்குது" என்றார் கிட்டுசாமி.

ஆய்வுக்கூடத்தின் அறிக்கையை வாரியம் மரியாதையோடு பெற்றுக்கொண்டு ஒரு மாதம் ஆராய்ந்தது. பிறகு பதில் வந்தது. தீயைத் தாங்கும் என்று நிரூபிக்கப்பட்டது டெக்ஸாஸில் உள்ள சுவர். அந்தச் சுவர் அருகில் உணவகம் திறக்க விரும்பினால் அது வாரியத்தின் எல்லைக்கு வெளியே வரும். பார்லி பிரிட்ஜில் உள்ள சுவர் இதுவரை ஒரு தடவைகூட எரிக்கப்படவில்லை; எனவே அதைப் பற்றிய ஆதாரம் ஏதுமில்லை. அதை எரித்துக் காட்டலாம். ஆனால் எரிந்த சுவர் பழுதான சுவர் என்று கருதப்பட்டு, அதை அகற்றிப் புதிய சுவர் கட்டவேண்டும். புதிய சுவருக்கு ஆதாரம் இருக்காது.

நெய்னா இதை மூன்று தடவை படித்தார். அவர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேரில் இப்படி ஒரு சுழல் வந்தால் கம்ப்யூட்டர் உறைந்துபோகும். வாரியம் உறையவில்லை. பொது விசாரணைக்குத் தேதி கொடுத்தது.

விசாரணை பக்கத்துக் கடையில், அதாவது சுவரின் அந்தப் பக்கத்தில் நடந்தது. நானும் கூடப் போயிருந்தேன். நீளமான மேஜைக்குப் பின்னால் ஐந்து உறுப்பினர்கள். அவர்களுக்கும் பின்னால் அதே கான்கிரீட் சுவர். அதை மறைத்துக்கொண்டு கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள், பெட்டிகள் நிறைய காகிதம். அதில் பாதி நெய்னாவின் விண்ணப்பம்தானாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பன்னிரண்டு நகல் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

ஒரு பெண் உறுப்பினர், சுவருக்குள் இரும்புக் கம்பி இருப்பதாகவும், இரும்பு சூட்டில் இளகும் என்று தான் படித்திருப்பதாகவும், ஆகவே கம்பிகளை உருவி எடுத்துவிட முடியுமா என்றும் கேட்டார். இன்னொருவர் கான்கிரீட்டில் தண்ணீர் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து அதிர்ச்சி தெரிவித்தார். மூன்றாமவர் கருணை உள்ளவர். சுவரின் இரு பக்கமும் முத்திரையிட்ட ஜிப்சம் அட்டையை ஒட்டி, கான்கிரீட்டை நெருப்பிலிருந்து காப்பாற்றலாமே என்றார். நெய்னா உடனே சம்மதித்தார். அந்த நேரத்தில் சுவருக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடச் சொன்னாலும் சம்மதித்திருப்பார். ஆனால் நஞ்சுண்டன் எழுந்து, அந்த அட்டையை முத்திரை உள்ள சுவரில்தான் ஒட்டலாம் என்ற விதியைப் படித்துக் காட்டினார்.

பிறகு சேர்மன் ஹெரால்ட் விட்கம் பேசினார். வெள்ளை மீசை வைத்த பெரிய மனிதர். அவர் பேச்சை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"இந்த வாரியம் ஏற்பட்ட நாளிலிருந்து நமது டவுன்ஷிப்பில் தீப்பிடித்த ஒவ்வொரு கட்டடமும் முறையான சான்றிதழைப் பெற்றிருந்தது. எங்கள் சான்றிதழ் இல்லாத கட்டடம் ஒன்றுகூட எரிந்ததில்லை. இது சாதாரணச் சாதனை அல்ல. சுவர் பலமானதா என்று பார்ப்பது எங்கள் வேலை என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். சுவர்கள் வரும், போகும். எங்கள் கவலை நடைமுறையைப் பற்றியது. நடைமுறையில் இதுவரை தீப்பிடித்ததே இல்லை."

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன். ஒரு வேகத்தில் வந்துவிட்டது.

நெய்னா எழுந்து, சுவர் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் திருப்தி அடைய நான் என்ன செய்யவேண்டும் என்று பணிவாகக் கேட்டார். திருப்தி அடையும் அதிகாரம் வாரியத்துக்கு வழங்கப்படவில்லை என்று சேர்மன் அதே பணிவோடு பதில் சொன்னார். ஆனாலும் நேரில் வந்து ஒரு முறை சுவரைப் பார்வையிடுவதாக ஒத்துக்கொண்டார்.

இங்கேதான் நெய்னா தம்பதி ஒரு தப்புச் செய்தார்கள். கீழக்கரைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

பார்வையிட சேர்மனும் இரண்டு உறுப்பினர்களும் வந்தார்கள். குறிப்பெடுக்க நஞ்சுண்டன். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது ரசியா பேகத்தால் ஆகாத காரியம். வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து, தரையில் விரிப்பு விரித்து, நடுவில் ஒரு சஹனை வைத்தார். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அவர்கள் ஊரில் விருந்தாளிகள் மூன்று நான்கு பேராக ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். தனித்தனித் தட்டில் போட்டால் அது விருந்தில் சேராது. சைவரான நஞ்சுண்டனுக்கு மட்டும் வேறாகச் சோறும் கத்தரிக்காயும். சேர்மன் கோட்டைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட முயன்று, முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மட்டனும் தால்ச்சாவும் ஓடிய வேகத்தைப் பார்த்து ரசியா பேகம் இரண்டாவது தடவை பரிமாறினார். சாப்பிட்டுக்கொண்டே மூவரும் சுவரைத் திரும்பிப் பார்த்து, அருமையான சுவர், அசைக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். கிளம்பும்போது சேர்மன் நெய்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று அந்த அம்மாள் கடைப் பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் நஞ்சுண்டன் வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவில் ஒரு சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார். வாரியத்தின் மூன்று உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடி வாரிய விஷயம் பேசினால் அது கூட்டம். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்ததால் மூவரும் கூடியதாகிறது. சுவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பொது அறிவிப்பு இல்லாமல் நடந்ததால் அது ரகசியக் கூட்டம். எனவே பார்வையிட்டது செல்லாது. சான்றிதழ் கிடைக்கும் வரை குத்தகைதாரர் குடும்பத்தைத் தவிரப் பொதுமக்கள் யாரும் இந்தக் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது.

"தனித்தனி பிளேட்ல போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாங்க" என்றார் நஞ்சுண்டன், உண்மையான வருத்தத்தோடு.

ரசியா பேகம் அன்று வீட்டுக்குப் போய், முற்றாகத் துடைத்த அடுப்பை மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தாராம். கோபம் வந்தால் அவர் பேசுவார். துக்கம் வந்தால்தான் துடைப்பார். கடைசியில், "சோறு போட்டது தப்புன்னு சொல்ற ஊர்ல கடை எதுக்கு மச்சான்? விட்டுடலாம்" என்றார். நெய்னாவுக்கு அது செத்த வீட்டில் கேட்கிற குரல் மாதிரி இருந்தது. வாரியத்துக்கு இன்னொரு விண்ணப்பம் போட்டார், பன்னிரண்டு நகலோடு.

அதற்கும் பதில் வராமல் மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. திங்கட்கிழமை பபிள் டீக்காரர்கள் அளவெடுக்க வருவார்கள். ஜும்மா தொழுகை முடிந்து நெய்னா குடும்பத்தோடு கடைக்குப் போனார், தேக்சாக்களையும் அடுக்குகளையும் எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்ய. உதவிக்கு வருகிறேன் என்றேன். பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது என்று நினைவுபடுத்தினார். நான் வெளியே பார்க்கிங்கில் நின்று, வருகிற பாத்திரங்களை வண்டியில் அடுக்கினேன். பருவம் தப்பிய பனி கொட்டிக்கொண்டிருந்தது. காற்று காதை அறுத்தது.

பக்கத்தில் வாரியக் கூட்டம். கட்டடத்தின் அந்தப் பாதியில் ஹீட்டிங் பழுதாகி இரண்டு வருடமாகிறது. புது ஹீட்டிங் போட வாரியத்தின் அனுமதி வேண்டும். வாரியம் அதைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. அதுவரை ஒவ்வொரு உறுப்பினரும் காலடியில் சொந்தமாக ஒரு மின் ஹீட்டர் வைத்திருந்தார்கள். அன்றைய குளிருக்கு சேர்மன் தன்னுடையதை இன்னும் கொஞ்சம் பின்னால், காகிதப் பெட்டிகளின் பக்கமாகத் தள்ளி, முதுகுக்கு வாகாக வைத்துக்கொண்டார்.

முதலில் புகை வந்தது. பிறகு ஐந்து உறுப்பினர்களும் நஞ்சுண்டனும் வந்தார்கள். ஓட்டம் என்று சொல்லமுடியாது, ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் கலைகிற வரிசையில்தான் வந்தார்கள், ஆனால் வேகமாக. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. கோட்டு, தொப்பி, கார்ச் சாவி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. முத்திரையிட்ட ஜிப்சம் தடுப்புகள் உள்ளே ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. நெய்னாவின் விண்ணப்பம் நன்றாகக் காய்ந்த காகிதம். ஜன்னல் வழியாகக் கொழுந்து விட்டது.

தீயணைப்பு வண்டிகள் உடனே வந்துவிட்டன. அவர்கள் வேறு இலாகா. கேப்டன் ஒரு பெண்மணி. அந்தப் பக்கம் தண்ணீர் அடிக்க ஆட்களை ஏவிவிட்டு, நேரே நெய்னாவின் கடைக்குள் போனார். வெப்பம் காட்டும் கேமராவைச் சுவரின் மேலிருந்து கீழ் வரை ஓட்டினார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஆளைக் குழாயோடு அங்கே காவல் நிறுத்தினார். வெளியே வந்து, நடுங்கிக்கொண்டிருந்த வாரியத்தைப் பார்த்து, டவுன்ஷிப் பஸ்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன், அது வரும் வரை இந்தக் கடைக்குள் போய் நில்லுங்கள், இந்தச் சுவரைத் தாண்டி எதுவும் வராது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவர் முத்திரை தேடவில்லை. அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

வாரியம் கதவை நோக்கி வந்தது. வாசலில் நெய்னா நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு வருடமாக அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்; சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பழிவாங்கவில்லை. பயந்தார். ஒரு தட்டுச் சோற்றுக்கே சிவப்பு நோட்டீஸ் வந்ததே, ஐந்து பேரை உள்ளே விட்டால் என்ன வருமோ என்ற கலக்கம்.

அவர் நோட்டீஸைக் காட்டி, பொதுமக்கள் உள்ளே வர அனுமதி இல்லை, மன்னிக்கவேண்டும் என்றார். நாங்கள் பொதுமக்கள் இல்லை, வாரியம் என்றார் சேர்மன். மீசையில் பனி ஒட்டியிருந்தது. அப்படியானால் மூன்று பேர் சேர்ந்து உள்ளே வந்தாலே அது ரகசியக் கூட்டம் ஆகிவிடுமே என்று நெய்னா உண்மையான கவலையோடு கேட்டார். நோட்டீஸைக் கிழித்துவிடு என்றார் கருணை உள்ள உறுப்பினர். அதைக் கிழிப்பது குற்றம் என்று அதன் அடியிலேயே அச்சிட்டிருந்தது. நெய்னா அதையும் காட்டினார்.

ஆஃபீஃபா அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா, டோன்ட் ஓபன் த டோர் யெட்."

சேர்மன் ஒரு நிமிடம் யோசித்தார். குளிர் அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. பேரிடர் காலத்தில் அறிவிப்பில்லாமல் அவசரக் கூட்டம் நடத்தலாம் என்ற பிரிவை நினைவுகூர்ந்து, அந்த நடைபாதையிலேயே கூட்டத்தைத் தொடங்கினார். கம்பியை உருவச் சொன்ன பெண் உறுப்பினர் சான்றிதழ் வழங்கும்படி முன்மொழிந்தார். தண்ணீரைக் கண்டுபிடித்தவர் வழிமொழிந்தார். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். பொதுமக்களில் நான் ஒருவன்தான் இருந்தேன். ஆட்சேபணை இல்லை என்றேன்.

நஞ்சுண்டனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முத்திரை இல்லையே, ஆதாரம் இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். பல் அடித்துக்கொண்டதால் கடிக்கவேண்டியிருந்தது. ரசியா பேகம் கணவரை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"நஞ்சுண்டன் அண்ணே, இப்ப உள்ள வரணும்னு நிக்கிறது யாரு? இன்ஜினியரா, எக்ஸாமினரா?"

"ரெண்டு பேருக்கும் குளுருதும்மா" என்றார் நஞ்சுண்டன்.

எழுதக் காகிதம் இல்லை. டவுன்ஷிப்பின் காகிதமெல்லாம் அந்தப் பக்கம் வெளிச்சம் தந்துகொண்டிருந்தது. சேர்மன் தன் கையாலேயே சிவப்பு நோட்டீஸைப் பிய்த்து, அதன் பின்புறத்தில் சான்றிதழ் எழுத, ஐந்து பேரும் நடுங்கும் கையெழுத்தைப் போட்டார்கள். நெய்னா அதை வாங்கி, சோதிக்கிறவரின் பழக்கப்படி தேதியும் பெயரும் சரியாக இருக்கிறதா என்று முழுக்கப் படித்தார். பெயர் ரசியா பேகம் என்றே எழுதியிருந்தது. அதை மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், பிறகு கதவை அகலத் திறந்து எல்லாரையும் வாங்க என்றார்.

சேர்மன் விட்கம் ஒரு நொடி தாமதிக்கவில்லை. நேரே அந்தச் சுவரிடம் போனார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதில் வைத்தார். அது போதாமல் முதுகைச் சாய்த்தார். மற்ற உறுப்பினர்களும் வரிசையாக வந்து சாய்ந்துகொண்டார்கள். ரசியா பேகம் பிளாஸ்கிலிருந்து இஞ்சி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வாரியத்தின் அத்தனை வருடக் கோப்புகளும் கொழுந்து விட்டெரியும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து சேர்மன் முதுகை எடுத்தார். சுவரைத் திரும்பி ஒரு முறை தடவிப் பார்த்தார். அவருக்குக் கடுமையான அதிருப்தி.

"மிஸ்டர் நஞ்சுண்டன், அந்தப் பக்கம் இவ்வளவு நெருப்பு எரிகிறது. இந்தச் சுவரில் துளிகூடச் சூடு இல்லை. இதையா நாம் பாஸ் பண்ணினோம்?"